மூன்று பிள்ளைகளுக்கு மூன்று அப்பா

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் மூன்று டிவிஎஸ் 50 இருந்தன. அப்பாவுடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். தெருமுனையில் திரும்பும்போது அது மட்டும் ஒருமுறை இருமிவிட்டு வரும். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை இருக்கும். கடையை அடைத்துவிட்டு அப்பா வருகிறார். அந்த இருமல் கேட்டதுமே அம்மா ரேடியோவைக் குறைத்துவிடுவாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நான்காவது படிக்குப் போய்விடுவேன். அங்கே உட்கார்ந்தால் கூடத்தில் பேசுவது கேட்கும், கூடத்தில் இருப்பவர்களுக்கு நான் இருப்பது தெரியாது. அக்கா இருந்த இடத்தை விட்டு அசையமாட்டாள், காலை நீட்டிக்கொண்டு அப்படியே இருப்பாள். தம்பி விழித்திருந்தால் வாசலுக்கு ஓடுவான், வண்டியின் முன்னால் நின்றுகொண்டு நடைவரைக்கும் வர.

ஒரே சத்தந்தான். ஒருத்தி ஒளிந்தாள், ஒருத்தி முறைத்தாள், ஒருவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். இது எனக்கு அன்றைக்கே கண்முன்னால் நடந்தது. ஆனாலும் இதைப் பற்றி யோசிக்க எனக்கு நாற்பது வயது நெருங்க வேண்டியிருந்தது.

2012 என்று நினைவு. அப்போது நான் வேலை பார்த்த சென்னை அலுவலகத்தில் எங்கள் எல்லோரையும் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து ஆளுமைத் தேர்வு எழுதச் சொன்னார்கள். எம்பிடிஐ என்பார்களே, பதினாறு வகையில் நீங்கள் எது என்று நான்கு எழுத்தில் சொல்லும் தேர்வு, அதுதான். எனக்கு ஐஎன்எஃப்ஜே வந்தது. முதல் எழுத்து மட்டுந்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஐ, இன்ட்ரோவெர்ட். கூட்டம் என்றால் ஒதுங்குகிறவள். பயிற்சி தந்தவர் அடுத்து ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "சின்ன வயசுல எது உங்களை இப்படி ஆக்கியிருக்கும்னு ஒரே வரியில எழுதுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'அப்பாவின் கோபம்' என்று எழுதி மடித்து வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கு என்னடி ஆச்சு?" என்றாள்.

நியாயமான கேள்வி. அக்கா பள்ளி ஆசிரியை. ரேஷன் கடை வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் இருபதாவது ஆளுக்குச் சர்க்கரை குறைந்தாலும் இவள்தான் போய்ச் சண்டை போடுவாள். தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால் திரும்பி வர ஒருமணி நேரமாகும், பாதி ஊர் அவனுக்குச் சிநேகம். மூன்று பேரும் ஒரே பாயில் படுத்து ஒரே கோபத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். கோபந்தான் என்னை ஊமையாக்கியது என்றால், அதே கோபம் அவர்களை ஏன் விட்டுவிட்டது?

இந்த ஒரு கேள்வியால்தான் எனக்குப் படிக்கும் ஆசை வந்தது. நான் மனவியல் படித்தவள் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவள். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அதன் கதையே ஒரு குடும்பக் கதை. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மா, இசபெல் என்ற மகள். அம்மா மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து, குழந்தை வளர்ப்பையே ஒரு ஆராய்ச்சியாக நடத்தியவர். இசபெல் கிளாரன்ஸ் மையர்ஸ் என்பவரைக் காதலித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் அந்த வீட்டு ஆட்கள் மாதிரி இல்லை. மனிதர்கள் ஏன் இப்படி வேறுவேறாக இருக்கிறார்கள் என்று மாமியாருக்கு அங்கேதான் தீவிரமான யோசனை பிடித்தது. 1918-இல் கல்யாணம். மாமியார் வாழ்க்கை வரலாறுகளாகப் படித்துத் தானே மனிதர்களை வகை பிரிக்கத் தொடங்கினார். 1921-இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் ஜெர்மனில் எழுதிய ஆளுமை வகைகள் பற்றிய நூல் 1923-இல் ஆங்கிலத்தில் வந்ததும், தான் தேடியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது மகள் அதைக் கேள்வித்தாளாக்கினார். இருவரும் மனவியலில் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ளக் கிளம்பிய ஒரு மாமியாரின் தலைவலி, தொண்ணூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் சென்னை ஓட்டல் ஹாலில் என் கையில் தாளாக வந்து சேர்ந்திருக்கிறது!

இதில் என்னை நிறுத்தி வைத்தது யுங் சொன்ன ஒரு விஷயம். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் மிகச் சிறு வயதிலேயே நேர் எதிரான வகையாக இருப்பதைப் பார்க்கலாம், தாய் நடந்துகொண்ட விதத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே இது நடக்கும் என்கிறார். அதனால் வகை என்பது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்பது அவர் கட்சி. அந்தப் பயிற்சிக்காரர் கேட்ட கேள்விக்கு அந்த வகைகளின் மூலவரே நூறு வருஷம் முன்னால் வேறு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தேர்வு அவ்வளவு நம்பகமானது இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. சில வாரம் கழித்து அதே ஆளை மறுபடி எழுத வைத்தால் கணிசமான பேருக்கு நான்கில் ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது. காரணம் எளிது. உயரம் மாதிரிதான் இதுவும், பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள். நடுவில் கோடு போட்டு இந்தப்பக்கம் குட்டை, அந்தப்பக்கம் நெட்டை என்றால், கோட்டின் மேல் நிற்பவர் செருப்பு மாற்றினாலே கட்சி மாறிவிடுவார். ஆராய்ச்சி செய்பவர்கள் அதனால் வகை என்று பேசாமல் அளவு என்று பேசுகிறார்கள். பிக் ஃபைவ் என்று ஐந்து குணங்கள்: புதியதற்கு மனம் திறப்பது, பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு என்றுதான் அளக்கிறார்கள். நானும் சரி, அக்காவும் சரி, ஏதோ ஒரு அளவில் இருக்கிறோம். அப்படியானால் அந்த அளவை வைத்தது யார்?

இரட்டையர்களிடம் கேட்டிருக்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பௌச்சார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வு இது. குழந்தையாக இருக்கும்போதே பிரிக்கப்பட்டு வேறுவேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். எல்லோரும் சொல்லும் கதை, இருவருக்குமே ஜிம் என்று பெயர் வைக்கப்பட்டிருந்த ஒரு இரட்டையருடையது. பிறந்து நாலு வாரத்தில் பிரிந்து 39 வயதில் சந்தித்தவர்கள். இருவருக்கும் முதல் மனைவி பெயர் லிண்டா, இரண்டாவது மனைவி பெயர் பெட்டி. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் புல்லரிக்கும். எனக்கென்னவோ இது ஊர்க்கதை மாதிரித்தான் படுகிறது; அன்றைய அமெரிக்காவில் லிண்டாக்களுக்கும் பெட்டிகளுக்கும் என்ன பஞ்சம்? அந்த ஆய்வின் உண்மையான அதிர்ச்சி இதைவிடச் சப்பென்று இருக்கும். ஒரே கரு இரட்டையர்கள் என்றால் மரபணுவும் ஒன்றேதான். தனித்தனி வீட்டில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்கள் குணத்தில் எவ்வளவு ஒத்திருந்தார்களோ, ஒரே வீட்டில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஒத்திருந்தார்கள். சேர்ந்து உண்டதும் உறங்கியதும் ஒரே அப்பாவிடம் அடி வாங்கியதும் அவர்களைக் கூடுதலாக ஒன்றும் ஒத்துப்போக வைக்கவில்லை.

இதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள். 2015-இல் ஒரு குழு, ஐம்பது வருஷத்தில் வந்த 2,748 இரட்டையர் ஆய்வுகளை, 1.45 கோடி இரட்டையர் ஜோடிகளின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. உடல், மனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபணுவால் வருவது. குணத்தை மட்டும் எடுத்தால் 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

இந்தச் சதவீதத்தைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள், முதலில் நானும் அப்படித்தான் படித்தேன். என் கூச்சத்தில் பாதி அப்பா ரத்தம், மீதி அப்பா கோபம் என்று பிரித்து இலையில் வைக்கிற கணக்கு இல்லை அது. எங்கள் ஊர்ப்பக்கம் கரிசல் காடு. ஒரே மாதிரிக் கரிசலில் ஒரே மழையில் பருத்தி போட்டால், இந்தச் செடிக்கும் அந்தச் செடிக்கும் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் விதையால் வந்ததுதான். பாதிக் காடு செம்மண்ணாகவோ தண்ணீர் இல்லாமலோ இருந்தால், வித்தியாசத்தில் மண்ணின் பங்கு ஏறிவிடும். சதவீதம் காட்டைப் பற்றிப் பேசுகிறது. ஒற்றைச் செடியில் எவ்வளவு விதை, எவ்வளவு மண் என்று கேட்டால் பதில் கிடையாது.

சரி, மரபணு பாதி என்றால் மீதிப் பாதி வீடுதானே என்று நினைப்போம். இல்லை என்கிறது கணக்கு. உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிற வீட்டுச்சூழலின் பங்கு குணத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மீதிப் பாதி முழுவதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கிடைத்த ஏதோ ஒன்று. நோய், விபத்து, ஒரு வாத்தியார், ஒரு சிநேகிதி, அளவுக்கருவியின் பிழை, எல்லாமும் அந்த மூட்டைக்குள் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்க இன்றுவரை சரியாக முடியவில்லை.

'தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை' என்று ஒரு வாய் சொல்லும். அதே வாய் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்றும் சொல்லும், 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்றும் சொல்லும். பிறப்பு, வளர்ப்பு, சேர்க்கை என்று மூன்றுக்கும் நம்மிடம் பழமொழி தயாராக இருக்கிறது. மூன்றாவது பழமொழியைத்தான் ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990-களில் பெரிய வாதமாக எடுத்து வைத்தார். பிள்ளையை உருவாக்குவது பெற்றோர் இல்லை, அது சேரும் பிள்ளைக்கூட்டம் என்றார். அவருடைய கதையும் நன்றாக இருக்கும். 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம், முனைவர் பட்டத்துக்கு நீ தேறமாட்டாய் என்று அவரை அனுப்பிவிட்டது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் மில்லர். வீட்டிலிருந்தே பாடநூல் எழுதிப் பிழைத்த ஹாரிஸ் 1995-இல் எழுதிய கட்டுரைக்கு, பின்னாளில் ஒரு விருது கிடைத்தது. விருதின் பெயர் ஜார்ஜ் மில்லர் விருது.

வெளியிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டுவிட்டு, தெருப்பிள்ளைகளின் உச்சரிப்பில் பேசுகிறார்கள் என்பது அவர் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டாம். என் மகளிடம் பதினைந்து வருஷமாக நான் "அங்கிட்டு, இங்கிட்டு" என்றுதான் பேசுகிறேன். அவள் வாயில் ஒருநாளும் அது வந்ததில்லை, சுத்தமான மெட்ராஸ் தமிழ். ஆனால் பேச்சு வேறு, குணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாரிஸ் வாதத்தில் அந்தத் தாவல் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை.

நடுப்பிள்ளை என்பதால் நான் ஒதுங்கிப் போனேன் என்று சொல்லும் சித்திமார்கள் உண்டு. அதையும் சோதித்துவிட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் சேர்த்து 20,000-க்கு மேற்பட்டவர்களை 2015-இல் பார்த்ததில், மூத்தது, நடு, கடைசி என்பதற்கும் அந்த ஐந்து குணங்களுக்கும் சொல்லும்படியான சம்பந்தம் தெரியவில்லை. சித்திகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் ஏற்கவில்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு தீபாவளிக்கு நாங்கள் மூன்று பேரும் அம்மா வீட்டில் கூடினோம். அக்காவிடம், "உனக்கு அப்பான்னா முதல்ல என்ன ஞாபகம் வரும்?" என்று கேட்டேன். ராட்டினம் என்றாள். 1981, மதுரை தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி. அவளுக்கு எட்டு வயது. அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்து, ராட்டினத்தில் அவளோடு ஏறி, அவளைவிட அவர்தான் அதிகம் கத்தினாராம். எனக்குப் பஸ் ஏறினால் வாந்தி என்று என்னை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அந்த அப்பாவைப் பார்த்ததே இல்லை.

1984-இல் கடையில் கூட்டாளியாக இருந்தவர் பணத்தோடு போய்விட்டார். அப்பா தலையில் கடன், வட்டிக்கு வட்டி. அடைத்து முடிக்க ஆறு வருஷம். எனக்கு எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை. என் ஞாபகத்தில் இருக்கிற அப்பா முழுவதும் அந்த ஆறு வருஷத்து அப்பா. தம்பி 1983-இல் பிறந்தவன். அவனுக்கு நினைவு தெளியும்போது கடன் தீர்ந்துவிட்டது. கடைக்குக் கூட்டிப்போய்க் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார வைத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, சில்லறை எண்ணச் சொல்லிக் கொடுத்த அப்பாதான் அவன் அப்பா.

அக்கா ராட்டினத்தில் ஏறியவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பழைய ஆள் உள்ளே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பயமில்லை. நான் யாரென்று தெரியாத ஒருவருக்குப் பயந்து படியில் உட்கார்ந்திருந்தேன். கணக்கில் 'வீட்டுக்கு வெளியே தனித்தனியாகக் கிடைத்தது' என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். வீட்டுக்கு மதிப்பில்லை என்று இதை யாரும் எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். ருமேனியாவில் நடந்தது என்ன? 1966-இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்புக்குத் தடை போட்டது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது, தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் தொட்டில் தொட்டிலாகக் கிடந்த குழந்தைகளை உலகமே பார்த்தது. பிறகு 2000-இல் புகாரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வில், பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவிலும் பாசத்திலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இரட்டையர் ஆய்வுகளில் வருபவை பெரும்பாலும் ஓரளவு ஒழுங்கான வீடுகள், தண்ணீர் பாய்ந்த கரிசல். தண்ணீரே பார்க்காத காட்டுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது.

2008-இல் என் மகள் பிறந்தாள். எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவள் அப்பா கோபம் வந்தால் தோட்டத்தில் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிற ஆள். நான் படி ஏறியதற்கான காரணம் எதுவும் இந்த வீட்டில் கிடையாது. ஆனாலும் பிள்ளை ஆள் மாறித் தூக்கினால் வீறிட்டு அழுதது. மூன்று வயதில் கல்யாண வீட்டில் என் சேலைக்குள் புகுந்து நின்றது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீயும் இப்பிடித்தான் கெடந்த. மாசம் நாலு இருக்கும், வளையல்காரம்மா தூக்குனதுக்கு மூச்சுப் பிடிச்சிருச்சு. உங்கப்பா அப்ப கோவமே படமாட்டாரே."

நாலு மாதம்! ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற மனவியலாளர் பார்த்ததும் அந்த வயதைத்தான். நாலு மாதக் குழந்தைகளின் முன்னால் வண்ணப் பொம்மைகளை ஆட்டி, புதிய குரல்களைக் கேட்க வைத்துப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு அழுதது. பின்னால் கூச்சமுள்ள பிள்ளைகள் அதிகம் வந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான். ஆனால் அதில் எல்லோரும் அப்படி ஆகவில்லை. பயப்படும்போதெல்லாம் வாரித் தூக்கிக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பயம் நீடித்தது, மெல்லத் தள்ளிவிட்டவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்தது. இதைப் படித்த அன்று, சேலையை எத்தனை தடவை நான் விரித்துப் பிடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு எந்தச் சதவீதத்தையும் சாக்குச் சொல்ல முடியவில்லை.

கடைசி வருஷங்களில் அப்பா எங்களோடு சென்னையில் இருந்தார். காலையில் செய்தித்தாளைத் தரையில் விரித்துப் படிப்பார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படம் வரைவாள். இரண்டு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அவரும் எதுவும் கேட்கமாட்டார், அவளும் எதுவும் சொல்லமாட்டாள். அப்புறம் அவர் எழுந்து நிலக்கடலை எடுத்து வருவார், இருவரும் உரித்துத் தின்பார்கள். யாரிடமும் ஒட்டாத பிள்ளை அவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் ராத்திரி ஒன்பது வரைக்கும், "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு", "அண்ணாச்சி, நேத்து பாக்கி" என்று நூறு பேருக்குப் பதில் சொல்லிச் சிரித்த மனிதர் அவர். கடன் கேட்டு வந்தவர்களுக்கும் பதில் சொன்னவர். இப்படி உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆளுக்கு அது என்ன பாடாக இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்ததும் அவர் போட்ட முதல் சத்தம் எப்போதும் ஒன்றுதான்: "சத்தம் போடாதீங்க." சத்தம் வேண்டாம் என்பதற்காகச் சத்தம் போட்ட ஒருவருக்குப் பயந்து, சத்தம் பிடிக்காத ஒருத்தி படியேறிப் போயிருக்கிறாள். அவருக்கும் ஒரு நான்காவது படி இருந்திருந்தால் அங்கேதான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பா 2016-இல் போய்விட்டார். போன வருஷம் மகள் கைபேசியில் அந்தப் பதினாறு வகைத் தேர்வை எழுதினாள். அவளுக்கும் ஐ. "தாத்தாவுக்கு என்ன வரும்?" என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து அவருக்காக ஒவ்வொரு கேள்வியாகப் பதில் போட்டோம். நிறையப் பேர் கூடும் விசேஷங்களில் கடைசிவரை இருப்பீர்களா என்று ஒரு கேள்வி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உங்கப்பாவா? கல்யாண வீட்டுல பந்தி முடியுறதுக்குள்ள காணாமப் போயிருவாரு," என்றாள் அம்மா. "எங்கன்னு தேடிட்டுப் போனா பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. நீயும் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு அங்கனதான் நிப்ப."